விதை வாங்குவதற்கு முன்னால் பயிர் நாட்காட்டியைப் பாருங்கள்

உங்கள் கேள்வி இது. பெருவெள்ளத்தில் பயிர் முழுவதையும் இழந்த ஒரு கிராமப் பகுதிக்கு உதவ நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறீர்கள். "உணவு கொடுத்தால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும், விதை கொடுத்தால் வாழ்க்கை திரும்பிவிடும். ஆகவே பணம் முழுவதற்கும் விதை வாங்கலாம் என்றிருக்கிறோம், சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல மனதோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் இப்படியே செய்தால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி வீணாகும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நிவாரணப் பணிகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி என்று திட்டமிடுவது வழக்கம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 10,500 ஆகிறது. ஒரு கிலோ கோதுமையில் ஏறத்தாழ 3,400 கிலோ கலோரி இருக்கிறது. வேறெதுவும் கிடைக்காத நிலையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் தானியம் வேண்டும். ஒரு ஹெக்டேர் கோதுமை விதைக்கச் சுமார் 100 கிலோ விதை தேவை. வகுத்துப் பாருங்கள்: ஒரு ஹெக்டேருக்கான விதை, ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாடு. நீங்கள் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புகிற நாளில் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், விதை வயலுக்குப் போகாது, உலைக்குத்தான் போகும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விதைநெல்லைக் குத்தித் தின்பது என்று நம் மொழியில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பொறுப்பின்மைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். உண்மையில் அந்த நிலைக்கு வரும் குடும்பம் வேறு எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது.

இது எவ்வளவு கொடிய விளைவில் முடியக்கூடும் என்பதற்கு இராக்கில் 1971-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். தொடர்ந்து வறட்சி, விளைச்சல் இல்லை. அரசு வெளிநாட்டிலிருந்து ஏராளமான விதைக் கோதுமையையும் விதை பார்லியையும் இறக்குமதி செய்தது. பூஞ்சை தாக்காமல் இருக்க அவற்றில் மெத்தில் பாதரசம் கலந்த மருந்து பூசப்பட்டிருந்தது. அடையாளத்துக்கு நிறமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகள் வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்புக் காலம் முடிந்துபோயிருந்தது. மூட்டையின் மேல் எச்சரிக்கை இருந்தது, ஆனால் அந்த ஊர் மக்களுக்குப் புரியாத ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கழுவினால் நிறம் போனது. நிறத்தோடு நஞ்சும் போய்விட்டது என்று நம்பினார்கள். சிலர் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள், உடனே ஒன்றும் ஆகவில்லை. அந்த நஞ்சு வேலை காட்ட வாரங்கள் ஆகும். மாவாக்கி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர் என்று பதிவாகியிருக்கிறது. மருத்துவமனைக்கே வராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

விதை உண்மையாகவே தேவைப்பட்டது, விதைதான் கொடுக்கப்பட்டது. ஆனால் அது காலம் தப்பி வந்தது, பசித்த வீட்டுக்கு வந்தது, என்னவென்று விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் வந்தது. அதனால்தான் அனுபவமுள்ள நிவாரண அமைப்புகள் விதை கொடுக்கும்போது அதனுடன் உணவும் சேர்த்துக் கொடுக்கின்றன. விதையைக் காக்கும் பங்கு என்று அதைச் சொல்லலாம். நீங்கள் விதை கொடுப்பதாக இருந்தால், அந்தக் குடும்பம் முதல் விளைச்சலைத் தொடும்வரை எதைச் சாப்பிடும் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

அடுத்தது, விதை உண்மையிலேயே இல்லையா என்ற கேள்வி. பயிர் அழிந்தால் விதையும் அழிந்திருக்கும் என்று வெளியிலிருந்து பார்க்கிற எல்லோரும் நினைக்கிறோம். 1994-ல் ருவாண்டாவில் ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்த இனப்படுகொலைக்குப் பிறகும் அப்படித்தான் நினைத்தார்கள். மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள், இன்னும் பல லட்சம் பேர் அகதிகளாக வெளியேறியிருந்தார்கள், வயல்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பல்வேறு சர்வதேச வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து, 'நம்பிக்கை விதைகள்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கின. உள்ளூர் அவரை ரகங்கள் அழிந்துபோயிருக்கும், வெளியே பாதுகாக்கப்பட்டவற்றைப் பெருக்கித் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்று தயாரானார்கள். போய்ப் பார்த்தபோது நிலைமை வேறாக இருந்தது. பெரும்பாலான விவசாயிகளிடம் சொந்தச் சேமிப்பிலிருந்தோ உள்ளூர்ச் சந்தையிலிருந்தோ அவரை விதை கிடைத்துக்கொண்டிருந்தது, ரகங்களும் உயிரோடு இருந்தன. உண்மையில் அடிபட்டது விதை உருளைக்கிழங்கு. அது அரசு நிறுவனங்கள் வழியாக வந்துகொண்டிருந்தது, அந்த நிறுவனங்கள் குலைந்ததும் அதுவும் நின்றது.

இது ஏதோ ஒரு நாட்டின் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்க நாடுகள் ஐந்திலும் ஹைட்டியிலும் சிறு விவசாயிகளிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் பயன்படுத்திய விதையில் சுமார் 90 சதவீதம் சொந்தச் சேமிப்பு, அக்கம்பக்கம், உள்ளூர்ச் சந்தை ஆகியவற்றிலிருந்து வந்ததாகக் காட்டியது. உள்ளூர்ச் சந்தை மட்டுமே ஏறத்தாழ பாதி. தானியக் கடைக்காரரின் சாக்கில் இருப்பதைச் சாப்பாட்டுத் தானியம் என்று நாம் நினைக்கிறோம். விவசாயிகள் அதில் எந்த ஊர்ச் சரக்கு, எந்த ரகம், எத்தனை மாதப் பழையது என்று கேட்டு, கையில் அள்ளிப் பார்த்து விதையாக வாங்கிப் போகிறார்கள்.

அப்படியென்றால் நெருக்கடிக்குப் பிறகு பெரும்பாலும் இருப்பது விதைப் பஞ்சமா, விதை வாங்கப் பணமில்லாத பஞ்சமா? இந்த இரண்டையும் பிரித்தறியாமல் லாரியில் விதை ஏற்றிப் போகிறவர்கள், அந்த ஊரிலேயே விதை விற்றுப் பிழைக்கிறவரின் வயிற்றில் அடிக்கிறார்கள். இதற்கு நல்ல மாற்றாக விதைச் சந்தை என்ற முறை ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் குறித்து, சுற்றுவட்டாரத்தில் விதை வைத்திருக்கிற விவசாயிகளையும் வணிகர்களையும் அழைக்கிறார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட மதிப்புள்ள சீட்டுகள் தரப்படுகின்றன. அவர்கள் தங்களுக்கு வேண்டிய பயிரை, வேண்டிய ரகத்தை, பேரம் பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். விற்றவர்கள் மாலையில் சீட்டைக் கொடுத்துப் பணமாக்கிக்கொள்கிறார்கள். பணம் அந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. ரகம் பிழைபடுவதில்லை, ஏனென்றால் தேர்ந்தெடுத்தவர் அந்த மண்ணை உழுதவர். வெளியிலிருந்து வரும் ரகம் பத்து நாள் தாமதமாக முதிர்ந்தால்கூடக் கடைசி மழையைத் தவறவிட்டுப் பதராகும். அது நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும் அள்ளிக் கலந்து, பொறுக்கியெடுக்காமல் 100 விதைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளியுங்கள், ஊறவிட வேண்டாம். தானியப் பயிர்களானால் ஏழாம் நாள் விரித்து, வேரும் குருத்தும் ஒழுங்காக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 80-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 60 என்றால் வழக்கமான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விதைக்க வேண்டும், அதை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும். 50-க்குக் கீழே போனால் அந்தச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நனைந்து காய்ந்த விதை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஏழு நாள் பொறுக்காமல் கொடுத்துவிட்டால் ஒரு குடும்பம் ஒரு பருவத்தையே இழந்துவிடும்.

பருவம் என்றேன். எனக்கு இதில் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது இதுதான். மற்றத் தொழில்களில் ஒரு மாதத் தாமதத்துக்கு ஒரு மாத நஷ்டம். விவசாயத்தில் விதைப்பு வாரத்தைத் தவறவிட்டால் நஷ்டம் ஒரு வருடம். 2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகருக்கு அருகே கரையைக் கடந்தது. அங்கே முக்கிய அறுவடை ஏப்ரலில் தொடங்கும். 7 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பயிர் தண்ணீரில் மூழ்கியது. கதிர் முற்றுகிற நேரம். ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டிய தானியம் கைக்கு எட்டுகிற தூரத்தில் போயிற்று. ஆனால் அந்தப் பகுதியில் வெள்ளம் வடிந்த ஈரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் சிறிய இரண்டாம் சாகுபடி செய்ய முடியும். அவரை, காய்கறி போன்ற குறுகிய காலப் பயிர்களின் விதை அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஏதோ ஒன்று தட்டுக்கு வரும். அதைத் தவறவிட்டால் ஆண்டின் கடைசியில் வரும் மழைக்குக் காத்திருக்க வேண்டும், அதன் அறுவடையோ மறுவருடம். மே மாதம் வரவேண்டிய மூட்டை ஜூலையில் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் வந்தபோது நெல் நடவுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. வீட்டுக்குள் சேமித்திருந்த தானியமும் விதையும் இடிபாட்டுக்கு அடியில் சிக்கின. மழை தொடங்குமுன் மூட்டைகளைத் தோண்டி எடுத்து, நனையாமல் வைக்கப் பைகளும் தார்ப்பாயும் கிடைப்பதே அப்போது அவசர உதவியாக இருந்தது. பாகிஸ்தானில் 2010 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாட்டின் ஐந்தில் ஒரு பகுதியை வெள்ளம் சூழ்ந்தபோது, எல்லோர் கண்ணும் அக்டோபர், நவம்பர் கோதுமை விதைப்பின் மேல்தான் இருந்தது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தப் பருவத்துக்குள் கோதுமை விதை கொண்டு சேர்த்தது. சிந்து மாகாணத்தின் சில பகுதிகளில் தண்ணீரே வடியவில்லை. அங்கே விதை கையில் இருந்தும் பயனில்லை, வடிகால்தான் முதல் தேவை.

ஆகவே நீங்கள் போகிற ஊரில் முதலில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்து பன்னிரண்டு மாதங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எது எப்போது விதைப்பு, எப்போது அறுவடை, எந்த மாதங்களில் வீட்டில் தானியம் தீரும், எப்போது கூலி வேலை இருக்கும், எப்போது இருக்காது. அந்தத் தாளில் இன்றைய தேதியைக் குறித்துவிட்டுப் பார்த்தால் பாதி முடிவுகள் தாமாகவே தெரியும்.

அடுத்துச் சொல்லப்போவது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நெருக்கடி முதலில் பயிரை அழிக்கிறது. அதன்பின் வரும் பசித்த மாதங்களில் குடும்பம் தன் கையாலேயே எதிர்காலத்தை விற்கத் தொடங்குகிறது. முதலில் கோழி, ஆடு. பிறகு பாத்திரம், நகை. பிறகு உழவு மாடு. கடைசியில் நிலம். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் மாட்டு விலை அடிமட்டத்துக்குப் போகும், தானிய விலை உச்சத்தில் நிற்கும். மழை திரும்பும், ஆறு திரும்பும், விற்ற மாடு திரும்பாது.

1943 வங்கப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அந்த ஆண்டின் மொத்த உணவு இருப்பு, பஞ்சம் இல்லாத 1941-ஐவிடக் குறைவாக இல்லை என்பதை அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். செத்தவர்களில் நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் படகோட்டிகளும் அதிகம். தானியம் சந்தையில் இருந்தது, அதை வாங்கும் சக்தி அவர்களிடம் இல்லை. அதோடு, புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பஞ்சத்துக்குப் பிறகு வங்காளக் கிராமங்களில் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். நெல் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, நிலத்தை முழுதாகவோ பகுதியாகவோ விற்றிருந்தது அல்லது அடகு வைத்திருந்தது. சுமார் 2.6 லட்சம் குடும்பங்கள் நிலம் முழுவதையும் இழந்திருந்தன. 1943 டிசம்பரில் நெல் அறுவடை மிக நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விளைச்சல் திரும்பிவிட்டது, ஆனால் அதை அறுத்தவர்களில் பலர் அந்த நிலத்தில் இப்போது கூலிக்காரர்கள். விளைச்சல் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து, மீண்டுவிட்டார்கள் என்று எழுதுகிற அறிக்கைகளை நான் நம்பாமல் போனதற்கு இந்த ஒரு கணக்கெடுப்பே போதும்.

ஆகவே உணவு கொடுப்பதைப் பழக்கிக் கெடுப்பது என்று நினைக்காதீர்கள். உரிய நேரத்தில் கிடைக்கும் இரண்டு மாத உணவோ பணமோ ஒரு ஜோடி மாட்டைக் காப்பாற்றும். மாடு காப்பாற்றப்பட்டால் நிலம் உழப்படும், கடன் வாங்கி உழ வேண்டியிருக்காது.

கால்நடை விஷயத்தில் 2006-ல் தெற்கு எத்தியோப்பியாவில் செய்ததை எண்ணிப் பார்க்கலாம். வறட்சியில் மேய்ச்சல் இல்லாமல் மாடுகள் சாகத் தொடங்குவதற்கு முன்பே, வெளியிலிருந்து வணிகர்களை அழைத்துவந்து, சிறு கடனும் ஏற்பாடு செய்து, மாடுகளை ஓரளவு நல்ல விலைக்கு வாங்க வைத்தார்கள். சுமார் 20,000 மாடுகள் விற்கப்பட்டு, ஏறத்தாழ 10 லட்சம் டாலர் மேய்ப்பர்களின் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் அவர்கள் உணவு வாங்கினார்கள், மீதி மாடுகளுக்குத் தீவனமும் மருந்தும் வாங்கினார்கள். உதவிக்காகச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 41 டாலர் பயன் என்று பின்னர் கணக்கிட்டார்கள். செத்த மாட்டுக்குப் பதில் புது மாடு வாங்கித் தருவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இருக்கிற மாட்டுக்கு மூன்று மாதம் வைக்கோலும் தடுப்பூசியும் போடுவது எவ்வளவோ மலிவு. புதிதாக வெளியூர் மாடுகளைக் கொண்டுவந்தால் நோயும் சேர்ந்து வரும், அந்த ஊர்த் தீவனம் ஒத்துக்கொள்ளாமலும் போகும்.

உழவு மாடு போன இடத்தில் இயந்திரம் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவில் உழவு எருமைகளைப் பெருமளவில் கொன்றது. நடவுக்கு ஒரு மாதமே இருந்த நிலையில் பவர் டில்லர்கள் வந்தன. வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் எருமை புல்லைத் தின்று உழும், கன்றும் ஈனும். பவர் டில்லருக்கு டீசலும் உதிரிபாகமும் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இந்த மூன்றும் அருகில் இருக்கிற இடத்தில் மட்டும் இயந்திரம் கொடுங்கள், அதுவும் பல வீடுகளுக்குப் பொதுவாக.

இனி மண். கடல்நீர் புகுந்த நிலமாக இருந்தால் விதைக்கும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உவர், களர் என்று நம் மொழி இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது வெறும் சொல் வேறுபாடு அல்ல, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உவர் நிலத்தில் உப்பு அதிகம். நல்ல தண்ணீர் விட்டு, வடிகால் வைத்து, அலசி வெளியேற்றினால் போகும். களர் நிலத்தில் களிமண் துகள்களோடு சோடியம் ஒட்டிக்கொண்டு, மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடும். மேலே தகடுபோல் இறுகும், தண்ணீர் கீழே இறங்காது. அதற்கு ஜிப்சம் இட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பிறகு அதைத் தண்ணீரால் அலச வேண்டும். 1953-ல் நெதர்லாந்தில் கடல் புகுந்த வயல்களை இப்படித்தான் மீட்டார்கள்.

சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை, மழைநீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரில் மெதுவாகப் போட்டுவிட்டு, அசைக்காமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். கட்டி உதிர்ந்தாலும் சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால்போல் ஒரு வளையம் பரவினால் களர்த்தன்மை இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. உப்பு மிக அதிகமாக இருக்கும்வரை அந்த உப்பே துகள்களைப் பிடித்து வைத்திருக்கும், வளையம் தெரியாது. முதல் நல்ல மழையில் உப்பு கரைந்து போனதும் மண் இறுகிவிடும். மழைக்குப் பிறகு நிலம் முன்னைவிடக் கெட்டுப்போனது என்று விவசாயி சொன்னால் அவர் சொல்வது சரி. மழைக்கு முன்பே ஜிப்சம் போட்டிருக்க வேண்டும்.

முதல் பருவத்துக்குப் பயிர்த் தேர்வும் இதைப் பொறுத்தது. மண்ணில் உப்பு எவ்வளவு என்பதை மண்கரைசலின் மின்கடத்து திறனை வைத்து அளக்கிறார்கள். அது மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸ் வகை அவரையின் விளைச்சல் குறையத் தொடங்கும். நெல்லுக்கு அந்த எல்லை 3, பார்லிக்கு 8. உப்பு குறையுமுன் அவரை விதையைக் கொடுத்துவிட்டால் முளைப்பதைப் பார்த்து மகிழ்ந்து, பூக்கும்போது அழ வேண்டியிருக்கும்.

போர் நடந்த இடங்களில் மண்ணுக்குள் இருப்பது வேறு. மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992-ல் முடிந்தது. கண்ணிவெடியற்ற நாடாக அது அறிவிக்கப்பட்டது 2015-ல். இடையே 23 ஆண்டுகள். வெடி ஒன்றே ஒன்று இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகம் போதும், நிலம் தரிசாகக் கிடக்க. அப்படிப்பட்ட இடங்களில் விதை பற்றிப் பேசுவதற்கு முன் கண்ணிவெடி அகற்றுவோரின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் யாரையும் வயலுக்குப் போகச் சொல்லாதீர்கள்.

உணவாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்பது சந்தையைப் பொறுத்தது. 1976 பிப்ரவரியில் குவாதமாலாவில் நிலநடுக்கம் சுமார் 23,000 பேரைக் கொன்றது. வீடுகள் விழுந்தன, ஆனால் சற்று முன்புதான் மக்காச்சோள அறுவடை நன்றாக முடிந்திருந்தது. தானியம் கைவசம் இருந்த விவசாயிகள் அதை விற்றுக் கூரை போட நினைத்தபோது, வெளிநாட்டு இலவசத் தானியம் வந்து விலையை இறக்கிவிட்டது என்று அங்கே பணியாற்றியவர்களே பிறகு கடுமையாகக் குற்றம் சாட்டினார்கள். மாறாக 2011-ல் சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்டபோது, உணவு லாரிகள் போக முடியாத பல இடங்களுக்கு ஹவாலா முகவர்கள் வழியே பணம் போய்ச் சேர்ந்தது. பணம் வந்ததும் வணிகர்கள் தாங்களே தானியத்தைக் கொண்டுவந்தார்கள். கடைகள் திறந்திருந்து சரக்கும் வருகிறது என்றால் பணம் கொடுங்கள். பாலம் உடைந்து சரக்கே வரவில்லை என்றால் உணவு கொடுங்கள்.

கால்வாய் தூர் வாருதல், வரப்புக் கட்டுதல் போன்ற வேலை கொடுத்துக் கூலி தருவது நல்ல வழிதான். ஆனால் விதைப்பு வாரங்களில் அதை வைக்காதீர்கள். கையில் காசில்லாத குடும்பம் கூலியை விட்டுவிட்டுச் சொந்த வயலுக்குப் போகாது.

பட்டியல் எடுப்பது பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அநியாயம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. நிலப் பத்திரத்தை வைத்துப் பட்டியல் எடுத்தால் உதவி நில உரிமையாளருக்குப் போகும். பயிர் வைத்துக் கடன்பட்ட குத்தகைதாரருக்கு ஒன்றும் வராது, ஆனால் குத்தகை மட்டும் கேட்கப்படும். கூலித் தொழிலாளிக்கு இழந்த பயிர் என்று காட்ட எதுவுமே இல்லை, அவர் இழந்தது நடவும் களையெடுப்பும் அறுவடையும் தந்திருக்க வேண்டிய வேலை நாட்களை. கணவனை இழந்த பெண்ணின் நிலை இன்னும் மோசம். அந்த வயலில் பாதி வேலையை அவர்தான் செய்திருப்பார், காகிதத்தில் அவர் பெயர் இருக்காது. ருவாண்டாவில் படுகொலைக்குப் பிறகு ஏராளமான குடும்பங்களுக்குப் பெண்களே தலைவிகளாக இருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கும் வாரிசுரிமை தரும் சட்டம் 1999-ல்தான் வந்தது. அதுவரை தந்தையின் நிலத்தில் உழுதுகொண்டிருந்த மகள் எந்த நாளும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை. பத்திரத்தைக் கேட்காதீர்கள், இந்த நிலத்தில் போன பருவம் யார் வேலை செய்தது என்று கேளுங்கள். ஊரில் நாலு பேரை நிறுத்திக் கேட்டால் பதில் சரியாகவே வரும்.

இனி உங்கள் பணம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று பங்காகப் பிரிப்பேன். பெரிய பங்கை இப்போதே, பயிர் நாட்காட்டியில் அடுத்த விளைச்சல் வரும்வரை உணவுக்கும், சந்தை இயங்கினால் பணமாகவும், மாடு இருக்கிற வீடுகளுக்குத் தீவனமாகவும் கொடுப்பேன். அதைவிடச் சிறிய பங்கில் விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பாக ஒரு விதைச் சந்தை நடத்துவேன், மண்ணில் உப்பு ஏறியிருந்தால் ஜிப்சத்துக்கும் அதிலேயே ஒதுக்குவேன். மூன்றாவது பங்கைத் தொடவே மாட்டேன். அறுவடை முடிந்து ஒரு மாதத்தில் அதே வீடுகளுக்குத் திரும்பப் போய் மூன்றை மட்டும் கேட்பேன்: அடுத்த பருவத்துக்கு எவ்வளவு விதை எடுத்து வைத்திருக்கிறீர்கள், கடன் இன்னும் எவ்வளவு நிற்கிறது, தொழுவத்தில் இப்போது எத்தனை உயிர். கடனுக்கு அறுவடையை முழுதாக அளந்து கொடுத்துவிட்டு விதை எடுத்து வைக்க முடியாமல் போன குடும்பங்கள் சில நிச்சயம் இருக்கும். அந்த மூன்றாவது பங்கு அவர்களுக்கு.